ஒரு வேகனுக்கு ஒரு தவறு

என் வீட்டுக்கு ஆள் வருவது அபூர்வம். வருகிறவர்களும் கூடத்து அலமாரியைப் பார்த்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "பேரப் பிள்ளைக்கா அங்கிள்?" எனக்குப் பேரப் பிள்ளை இல்லை, பிள்ளை இல்லை, கல்யாணமே ஆகவில்லை. ஏர்கோன் கழுவ வந்த ஆளிடம் இத்தனையையும் எதற்கு ஒப்பிக்க வேண்டும்? "ஆமா லா" என்று சொல்லி முடித்துவிடுவேன்.

அலமாரியில் நிற்பவை மாதிரி ரயிலின் சரக்கு வேகன்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. நீராவி எஞ்சின் போய் டீசல் வந்த காலத்தில் இந்த நாட்டில் ஓடியவற்றின் சாயலில் நான் மாற்றியமைத்தவை: சிமெண்டு வேகன், செம்பனை எண்ணெய்த் தொட்டி, கொள்கலன் ஏற்றும் தட்டை வேகன், கதவு வைத்த மூடு வேகன். நம் ஊர் வேகனை இந்த அளவில் செய்து விற்பவர்களை நான் பார்த்ததில்லை. ஆகவே ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் ஆயத்த வேகன்களில் எது நம்முடையதற்குக் கிட்ட வருகிறதோ அதை இணையத்தில் வாங்குவேன். பிறகுதான் வேலை ஆரம்பம்.

ஆயத்த வேகன் பெட்டியிலிருந்து வெளியே வரும்போது புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஒரு நாளாவது வேலைக்குப் போன அடையாளம் அதில் இருக்காது. பிளாஸ்டிக் சக்கரத்தைக் கழற்றி, நம் மீட்டர் பாதைக்கு ஏற்ற இரும்புச் சக்கரத்தை மாட்ட வேண்டும். உடம்போடு ஒட்டி வார்த்திருக்கும் ஏணியைப் பிளேடால் சீவி எடுத்துவிட்டு, மெல்லிய கம்பியில் தனி ஏணி வளைத்து ஒட்ட வேண்டும். கைப்பிரேக் சக்கரம், பிரேக் குழாய், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் தனித்தனி. கடைசியில் சாயம், துரு, தூசி. ஒரு வேகனுக்கு ஒரு மாதம் ஆகும். ஓய்வுபெற்றவனுக்கு மாதத்துக்கு என்ன பஞ்சம்?

பிரிக்பீல்ட்ஸில் ஏழாவது மாடி பிளாட். முப்பது வருடம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பு அறையில் இருந்தேன். இந்த வேலைக்கு வேண்டிய பொறுமை அங்கே வந்ததுதான். கோபம் மட்டும் பிறவியிலேயே வந்தது. மாதிரி ரயில் பிரியர்கள் மாதத்துக்கு ஒரு முறை கூடுவதாகக் கேள்விப்பட்டு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்களுக்கு எஞ்சின் மேல்தான் ஆசை. வேகனைக் காட்டினால் "நைஸ், நைஸ்" என்று சொல்லிவிட்டு எஞ்சின் பக்கம் போய்விடுவார்கள். மூன்றாவது தடவை நான் போகவில்லை. யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவும் இல்லை.

வேகனைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரே ஆள் என் தம்பி. அவன் கிள்ளானில் இருக்கிறான். எங்கள் அப்பா ரயில்வேயில் வேகன் பரிசோதகர். சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிச் சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்லிவிடுவார். சாப்பாட்டு நேரத்தில்கூட எங்கள் வீட்டில் பிரேக் பேச்சுதான். தம்பி அதே வேலைக்குப் போனான். நான் மேசை வேலைக்குப் போனேன். அவனோடு ஏழு வருடம் பேச்சே கிடையாது. தவறு யாருடையது என்று கேட்டால், என்னுடையது. அதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது.

அம்மா கடைசிப் பதினொரு வருடம் என்னோடு இந்தப் பிளாட்டில்தான் இருந்தார். குளிப்பாட்டியது நான், மாத்திரை கொடுத்தது நான், ராத்திரியில் கழிவறைக்குத் தூக்கிப்போனது நான். தம்பி மாதத்துக்கு ஒரு தடவை பெண்சாதியோடு வருவான், கையில் பழப் பையோடு. அன்றைக்குப் பார்க்க வேண்டும் அம்மாவின் முகத்தை! மற்ற நாளில் பாதி இட்லிக்கு மேல் இறங்காது. அவன் வந்தால் இரண்டரை இட்லி. எனக்கு வயிறு எரியும். ஐம்பது வயதைத் தாண்டியவனுக்கு இட்லிக்காக வயிறு எரிந்தது என்றால் சிரிப்பீர்கள். எரிந்தது.

அம்மா ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் போய்விட்டார். தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அப்பாவுக்கு நான் செய்தாயிற்று. அம்மாவுக்குத் தம்பி செய்ய வேண்டும். அவனோ அன்றைக்குத் தெற்கே எங்கேயோ இருந்தான். ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு, வேகன்களைத் தூக்கி நிறுத்தும் குழுவோடு முதல் நாளே போயிருந்தான். தொலைபேசியில் சரியாகக் கேட்கவில்லை. "நான் வந்துடுறேண்ணே, நான் வர்ற வரைக்கும் வைங்க" என்றது மட்டும் கேட்டது.

மின்சுடலையில் எங்களுக்குக் கொடுத்த நேரம் மாலை மூன்று மணி. இரண்டே முக்காலுக்கும் அவன் வரவில்லை. அங்கே பொறுப்பில் இருந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இடம் இருக்கு. மாத்திக்கிறதுன்னா மாத்திக்கலாம், ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்றார். நல்ல மனுஷன். நான் வேண்டாம் என்றேன். உறவுக்காரர்களிடம், வேறு நேரம் கிடைக்கவில்லை, இனி வைக்க முடியாது என்று சொன்னேன். பொய். பதினொரு வருடம் தூக்கியவன் நான், கடைசியாகவும் நானே செய்ய வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். மின்சுடலையில் நெருப்பெல்லாம் கையில் தருவதில்லை; சுவரில் ஒரு பொத்தான் இருக்கும். அதை நான் அழுத்தினேன்.

தம்பி நாற்பது நிமிடம் கழித்து வந்தான். காலில் வேலைச் சப்பாத்து, முழங்கை வரைக்கும் கிரீஸ். வாசலில் என்னைப் பார்த்தான், பின்னால் இருந்த புகைக்கூண்டைப் பார்த்தான். "நான் வர்றேன்னு சொன்னேன்லண்ணே?" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். பதினாறாம் நாள் காரியத்தை அவன் வீட்டில் தனியாகச் செய்தான், நான் என் வீட்டில் தனியாகச் செய்தேன்.

அதற்குப் பிறகு உறவுக்காரர் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போனால் "தம்பி எங்க?" என்று கேட்பார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஒரு ஆயத்த வேகனை வாங்கினேன். பிறகு இன்னொன்று. ஆளுக்கு ஆள் ஒரு பைத்தியம்.

தம்பிக்கு முதல் செய்தி அனுப்பியது இரண்டு வருடத்துக்கு முன்னால். ஒரு சிமெண்டு வேகன் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கைப்பிரேக் சக்கரம் எந்தப் பக்கம் இருக்கும் என்று மட்டும் தெரியவில்லை. கிடைத்த பழைய படமெல்லாம் தூரத்தில் இருந்து எடுத்தவை. மூன்று வாரம் தேடினேன். கைப்பேசியில் குடும்பப் புலனக் குழுவில் தம்பியின் எண் இருந்தது. ஒரு மத்தியானம், வாழையிலைச் சாப்பாடு தந்த துணிச்சலா என்னவோ, வேகனைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டேன். நலமா என்று கேட்கவில்லை. "இதுல கைப்பிரேக் எந்தப் பக்கம்?" என்று மட்டும் போட்டேன். அனுப்பியதும் தலையில் அடித்துக்கொண்டேன். ஏழு வருடம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது?

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "இடது பக்கம். ஏணிக்கு எதிர்ப்பக்கம். சிமெண்டு தூசி மாதிரி இருக்காது, மழை பட்டா செதில் செதிலா கெட்டியாயிடும்." அத்தனைதான். அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் மானம் போகும். சாயத்தை முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு, உப்பும் பசையும் கலந்து செதில் செதிலாகப் பூசினேன். அச்சு அசலாக வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அடுத்த வேகன் தட்டை வேகன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எல்லாம் சரியாகச் செய்திருந்தேன். அனுப்பினேன். மறுபடி கட்டைவிரல். அதற்கடுத்த எண்ணெய்த் தொட்டியில், கசிவுக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தேன், தெரியாமல்தான். உடனே வந்தது பதில். "டீசலா ஏத்துறே? செம்பனை எண்ணெய் காய்ஞ்சா ஆரஞ்சா, பழுப்பா ஒட்டும். மூடிக்குக் கீழ மட்டும்." மூன்று வாக்கியம்! அதில் ஒன்று நக்கல்! அன்றைக்கு முழுக்க அந்த "டீசலா ஏத்துறே?"யை வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

அப்போது எனக்குப் புத்தி வேலை செய்தது. சரியாகச் செய்தால் கட்டைவிரல், தப்பாகச் செய்தால் தம்பி. பிறகென்ன, வேண்டுமென்றே தவறு செய்யத் தொடங்கினேன்.

இதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல தவறு செய்வது லேசான காரியம் இல்லை. ரொம்ப மோசமாக இருந்தால் அவனுக்குச் சந்தேகம் வரும். ரொம்ப நுணுக்கமாக இருந்தால் கண்ணில் படாது. ஒரு வேகனுக்கு ஒரு தவறு என்று கணக்கு வைத்துக்கொண்டேன். பிரேக் குழாயை வலது பக்கம் மாற்றி வைப்பேன். கதவின் கீலைத் தலைகீழாக ஒட்டுவேன். வேகனை முதலில் முழுக்கச் சரியாகச் செய்து முடித்து, ஒரு நாள் வைத்துப் பார்த்து ரசித்துவிட்டு, மறுநாள் ஒன்றை மட்டும் கெடுத்து அனுப்புவேன். அவன் பதில் வந்த பிறகு மறுபடி சரிசெய்வேன். ஒரு சின்ன ஏணியை மூன்று தடவை ஒட்டிப் பிடுங்கி ஒட்டிய நாளெல்லாம் உண்டு. எனக்கு என் தம்பி பேச வேண்டும். வேகனைப் பற்றித்தான் பேசுவான் என்றால் வேகனைப் பற்றியே பேசட்டும்.

அவன் பதிலும் நாளாக நாளாகக் கேள்வியாக மாறியது. "அடிப்பக்கம் ஒரு படம் எடு." "குழாய் எங்க முடியுது?" "ஓரத்துல வட்டமா ஏதாச்சும் இருக்கா?" எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பதிலுக்கு இரண்டு நாள், மூன்று நாள் ஆனபோதுகூட, வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு மூடு வேகன் அனுப்பினேன். ஏணியில் ஒரு படியைக் குறைத்திருந்தேன், அதுதான் தவறு. தெளிவாகத் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் வைத்து எடுத்த படம். பதில் வந்தது: "ஏணிக்கு எத்தனை படி?" எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அந்தத் தவறைச் சரியான அளவில் செய்ய நான் இரண்டு நாள் மெனக்கெட்டிருக்கிறேன், இவன் எண்ணிக்கூடப் பார்க்கவில்லையா? "படத்துலதானே இருக்கு. கண்ணு தெரியலையா உனக்கு?" என்று தட்டி அனுப்பிவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொள்கிற வார்த்தைதான் அது.

பதில் வரவில்லை. ஒரு வாரம் பேச்சு மூச்சு இல்லை. அடுத்த படம் அனுப்பினேன், இரண்டு தவறோடு. பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு பழைய வேகனுக்குப் பிரேக் குழாயைக் கூரை மேல் ஒட்டி அனுப்பினேன். அப்பா பார்த்திருந்தால் சுத்தியலைத் தூக்கியிருப்பார். அதற்கும் ஒன்றும் வரவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயப் புட்டியைத் திறப்பேன், மூடுவேன். மறுபடியும் ஏழு வருடமா என்று நினைத்தபோது பயம் வந்துவிட்டது. வயது அப்படி. இனி ஒரு ஏழு வருடம் எனக்கு இருக்கிறதோ என்னவோ!

கடைசியில் அழைத்தேன். எடுத்தது தம்பியின் பெண்சாதி.

"மாமா?" என்றாள். அழுகிறாளா, ஆச்சரியப்படுகிறாளா என்று தெரியவில்லை. "பசியாறிட்டீங்களா?"

"ஆச்சும்மா. அவன் எங்க? ஏன் பதில் போட மாட்டேங்குறான்?"

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"மாமா, அவருக்குக் கண்ணு தெரியல."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. என் வார்த்தையையே எனக்குத் திருப்பிச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"இனிப்பு நீர், மாமா. சர்க்கரை கண்ணுக்கு ஏறிடுச்சு. மூணு வருஷமாவே மங்கலாத்தான் இருந்துச்சு. ஊசி போட்டாங்க, லேசர் பண்ணாங்க. இடது போச்சு, அப்புறம் வலதும் போச்சு. வேலையில இருந்து அனுப்பி ஒன்றரை வருஷமாச்சு. உங்ககிட்ட சொல்றேன்னு சொன்னா வேணாம்பாரு. சொன்னா அண்ணன் வேகனை அனுப்புறத நிறுத்திடும்பாரு."

"அப்ப படத்தை யாரு பார்த்தா?"

"நான்தான் மாமா. எனக்கு வேகனைப் பத்தி என்ன தெரியும்? குழாய் மாதிரி ஒண்ணு தொங்குதுன்னு சொல்லுவேன். எந்தப் பக்கம்னு கேப்பாரு. எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம்னு நான் கேப்பேன். ரெண்டு பேருக்கும் சண்டையே வந்துடும். ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனா உங்க படம் வர்ற அன்னைக்குத்தான் மாமா அவரு பேசுறதே. மத்த நாள்ல சும்மா உட்கார்ந்திருப்பாரு."

"கண்ணைப் பத்தி நான் போட்டத அவன்கிட்ட படிச்சியா?" என்று கேட்டேன்.

"படிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். அண்ணன் என்ன போட்டிருக்கு, என்ன போட்டிருக்குன்னு நச்சரிச்சாரு. படிச்சுட்டேன். போனை உள்ள கொண்டு போய் வைன்னு மட்டும் சொன்னாரு."

போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். எங்கே என்று தெரியாது. எங்கள் வட்டாரத்தில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் நடமாடுவார்கள். நடைபாதையில் அவர்களுக்கென்று மஞ்சள் மேடு வைத்த கற்கள் பதித்திருக்கிறார்கள். முப்பது வருடமாக அவர்களுக்கு ஒதுங்கி வழி விட்டிருக்கிறேன், சாலையைக் கடத்தி விட்டிருக்கிறேன், பெரிய தர்மவான் மாதிரி. அன்றைக்கு அந்த மஞ்சள் கல் மேல் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். "கண்ணு..." என்று ஆரம்பித்தேன். நானே வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தினேன். அவன் "சாரி பாஸ்" என்றான். என் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பான்.

அன்று மாலை அலமாரி முன்னால் உட்கார்ந்தபோது ஒன்று உறைத்தது. நான் பெருமையடித்த துரு, தூசி, எண்ணெய்க் கறை எல்லாம் அவனுக்கு இனி ஒன்றுமே இல்லை. ஒன்றரை வருடமாக அந்த மனிதன் என் சாயத்தைத் தன் பெண்சாதியின் வாய் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் என்னடாவென்றால் அவனுக்குத் தவறு வைத்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன்!

ஒரு வேகன் செய்தேன். விரலுக்காகச் செய்தது. ஒரு மூடு வேகனை எடுத்து, தடவினால் உடையாத கெட்டிக் கம்பியில் ஏணி வளைத்தேன். ஆணித் தலைகளைச் சொட்டுச் சொட்டாகப் பசை வைத்துப் புடைக்க விட்டேன். கதவைத் திறந்து மூடுகிற மாதிரி மாற்றினேன். துருவைச் சாயத்தில் காட்டாமல், மணல் தூளைத் தூவிச் சொரசொரப்பாகக் காட்டினேன். ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பேன். முதல் நாள் எனக்கு ஏணி எது, குழாய் எது என்றே தெரியவில்லை. இரண்டு மாதம் ஆயிற்று. இந்தத் தடவை தவறு எதுவும் வைக்கவில்லை. அவனுக்கு நான் செய்கிற மரியாதை அது என்று நினைத்தேன். ஏமாற்று வேலை போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து வேகனைப் படுக்கவைத்து, கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, கோயிலுக்குப் பலகாரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தம்பி கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். சட்டை பெரிதாக இருந்தது. என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் திருப்பினான். ஆனால் என்னைவிட்டு ஒரு அடி தள்ளிப் பார்த்தான். நான் அந்த ஒரு அடி நகர்ந்து அவன் பார்வைக்கு நேரே நின்றேன்.

"யாரு?" என்றான்.

"நான்தான்டா."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். நான் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். பெண்சாதி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன பேசுவது என்று தெரியாமல் டப்பாவைத் திறந்து வேகனை அவன் கையில் வைத்தேன்.

"மூடு வேகன்," என்றான் உடனே. விரல்கள் ஒரு முனையில் ஆரம்பித்து மெதுவாக நகர்ந்தன. எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அன்னைக்கு மறுநாள் காலையில இடம் இருந்துச்சுடா," என்றேன். "பத்து மணிக்கு. மாத்திக்கலாம்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். நானே பண்ணணும்னு இருந்துச்சு. உன்னோடதை நான் எடுத்துக்கிட்டேன்."

அவன் விரல் நின்றுவிட்டது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்றும் இருந்தது.

"அம்மா முகம் எப்படி இருந்துச்சு?" என்றான்.

"என்னது?"

"மூடுறதுக்கு முன்னால. நான் பார்க்கல இல்ல. எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். தூங்குகிற மாதிரி இருந்தது என்று ஆரம்பித்தேன். அவன் விடவில்லை. வேகனைக் கேட்கிற மாதிரியே கேட்டான். பொட்டு பெரிதா, சின்னதா? பெரிது, சித்தி வைத்துவிட்டது. என்ன சேலை? நீ வாங்கிக் கொடுத்த மாம்பழக் கலர். கண்ணாடி போட்டிருந்ததா? இல்லை, கழற்றிவிட்டோம், மூக்கில் அந்தத் தழும்பு தெரிந்தது. வாய் மூடியிருந்ததா? கொஞ்சம் திறந்திருந்தது. எந்தப் பக்கம்? வலது ஓரத்தில். ஏதோ கேட்க வருகிற மாதிரி. சொல்லச் சொல்ல எனக்கே அம்மாவின் முகம் ஒன்பது வருடம் கழித்து முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குப் பொத்தானைப் பார்த்த அளவுக்கு நான் முகத்தைப் பார்த்திருக்கவில்லை என்று நினைத்திருந்தேன். பார்த்துத்தான் இருக்கிறேன்.

அவன் அழவில்லை. நான் அழுதேன். அவனுக்குத் தெரிந்திருக்கும், மூக்கை உறிஞ்சுவது கேட்காதா என்ன. மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. இருவரும் குடித்தோம்.

பிறகு அவன் வேகனை மறுபடி எடுத்தான். ஏணிப் படிகளை நகத்தால் ஒவ்வொன்றாக எண்ணினான். கதவைத் திறந்து மூடினான். கீல்களைத் தொட்டான். கவிழ்த்து, பிரேக் குழாயை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பிடித்துக்கொண்டே போனான். ஆணித் தலைகளைத் தடவினான். சக்கரத்தை உருட்டிக் காதுப் பக்கம் வைத்துக் கேட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பரீட்சை எழுதிவிட்டு வந்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று முடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். இரண்டாவது சுற்றில் இன்னும் மெதுவாகப் போனான். புருவம் சுருங்கிவிட்டது.

"எல்லாம் சரியா இருக்கே," என்றான்.

"ஆமாடா. இந்தத் தடவை எல்லாம் சரி."

பாராட்டுவான் என்று நினைத்தேன். அவன் முகம் விழுந்துவிட்டது. வேகனை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"அப்ப இனிமே அனுப்ப மாட்டியாண்ணே?"

நான் அவன் கையிலிருந்து வேகனை வாங்கினேன். இரண்டு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்தது. ஓரத்தில் ஒரு இடத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினேன். டிக்கென்று ஒரு சத்தம். பிய்ந்து வந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேகனை அவன் கையில் திருப்பி வைத்தேன்.

"இப்பப் பாரு," என்றேன்.

அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் முனையிலிருந்து தடவத் தொடங்கினான்.